பிள்ளை கடக்வாஸ்லாவில், வீடு புதுச்சேரியில்

மகன் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான் என்று சொன்னால், புதுச்சேரியில் முதலில் வரும் கேள்வி "பிரான்ஸுக்கா?" என்பதுதான். எங்கள் ஊரில் அது இயல்பான கேள்வி. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சொல்தா தாத்தா ஒருவராவது தெருவுக்குத் தெரு இருந்தார். இன்றைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பிள்ளைகள் சிலர் அந்தப் படைக்குத்தான் போகிறார்கள். "இல்லீங்க, நம்ம நாட்டு ராணுவம். புனே பக்கத்துல கடக்வாஸ்லா, தேசிய பாதுகாப்பு அகாடமி" என்றதும் அடுத்த கேள்விகள் வரும். எந்த கோச்சிங்? எவ்வளவு மார்க்? ஹிந்தி தெரியுமா?

கேட்பவர்களில் நிறையப் பேர் பெற்றோர். பிள்ளையை உள்ளே அனுப்பும்வரை என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். உள்ளே போன பிறகு வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. எனக்கும் என் மனைவிக்கும் அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆகவே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

தேர்வு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை, வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும், எழுத்துத் தேர்வு நடத்துகிறது. கணக்குக்கு 300 மதிப்பெண், பொதுத்திறன் தாளுக்கு 600. அதில் தேறினால் எஸ்எஸ்பி என்கிற படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணல், அதற்கு 900. நேர்காணல் ஐந்து நாள் நடக்கும். முதல் நாளே நிறையப் பேரை வடிகட்டி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ராணுவ மருத்துவமனையில் உடல் பரிசோதனை, அப்புறம் தகுதிப் பட்டியல். தரைப்படைக்கு மட்டும் என்றால் பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவும் போதும். கப்பல்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும்.

என் மகன் பிளஸ் டூ படிக்கும்போதே எழுதித் தேறினான். பெங்களூரு எஸ்எஸ்பியில் முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவனிடம் என்ன நடந்தது என்று நாங்கள் துருவவில்லை. இங்கேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தான். அடுத்த அறிவிப்பு வந்தபோது தானே விண்ணப்பித்துவிட்டு என்னிடம் சொன்னான். 2023 செப்டம்பரில் எழுதிய தேர்வு அது. இந்த முறை ஐந்து நாளும் முடித்துத் தேர்வானான். அவனாக விண்ணப்பித்தது எனக்கு மார்க்கைவிடப் பெரிய விஷயமாகத் தோன்றியது. விடியும் முன் எழுந்து மழையில் ஓடுவதற்கு அப்பாவின் ஆசை எத்தனை நாளைக்கு உதவும்? பிள்ளைக்கு அந்த ஆசை இல்லை என்றால் அனுப்பாதீர்கள். இதை எந்தப் பெற்றோரிடமும் தயங்காமல் சொல்கிறேன்.

தகுதிப் பட்டியலில் பெயர் வந்ததற்கும் 2024 ஜூலையில் சேர்ந்ததற்கும் நடுவே இருந்த காலம்தான் உண்மையான ஏற்பாட்டுக் காலம். எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் காலையில் நடப்பவர். அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மகனைப் பார்ப்பதற்கு முன் அவன் காலைப் பார்த்தார். "இந்த ஷூவை எப்ப வாங்குனீங்க?" என்றார். நேற்றுத்தான் என்றேன். "இதையே போட்டு ஓடட்டும். அங்க போயி புது ஷூவைப் பிரிக்கக் கூடாது" என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளை அதிகம் படுத்துவது முழங்காலுக்குக் கீழே வரும் கணைக்கால் எலும்பு வலியும், 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்' என்கிற மெல்லிய விரிசலும்தான். ஓட ஆரம்பித்தால் சில வாரத்தில் தசையும் மூச்சும் பழகிவிடும். எலும்பு அவ்வளவு வேகமாகப் பழகாது. உடம்பு ஓடத் தயார் என்று சொல்லும், எலும்பு இன்னும் தயாராகி இருக்காது. ஆகவே தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓடாமல் விட வேண்டும். தார் ரோட்டில் மட்டும் ஓடாமல் மண்தரையிலும் ஓட வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்தோம். வெயில் கொளுத்தும் ஊரில் வளர்ந்தவனுக்கே குறைவாகத்தான் இருந்தது. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கினோம்.

அடுத்தது நீச்சல். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். புதுச்சேரிக்காரர்களுக்குப் புரியும். துறைமுகத் தடுப்புச்சுவர் கட்டிய பிறகு நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் போய், பாறைக் கல் கொட்டிய கரைதான் எங்கள் தலைமுறை பார்த்த கடற்கரை. அலையில் இறங்கிப் போன பிள்ளைகளின் செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வரும். எந்த வீட்டிலும் பிள்ளையைக் கடலில் இறங்க விடமாட்டார்கள். அகாடமியில் நீச்சல் கட்டாயம். தெரியாதவர்களுக்குச் சொல்லித்தருவார்கள்தான். ஆனால் மற்றவர்கள் தூங்கும் நேரம் இவனுக்குக் குளத்தில் போகும். அந்தக் கோடையில் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டோம்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே. சட்டைப் பொத்தான் தைப்பது, இஸ்திரி போடுவது, ஷூ பாலிஷ், படுக்கையை மடிப்பது எல்லாவற்றையும் அவன் அம்மா கற்றுக்கொடுத்தாள். முழுக்கைச் சட்டையின் கைமடிப்பு இரட்டைக் கோடு விழாமல் வரும்வரை விடவில்லை. ஹிந்தி அவனே யூடியூபில் பார்த்துப் பழகினான். பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் மைதானத்தில் கத்துவதும், இரவில் அறைக்குள் பேசிச் சிரிப்பதும் ஹிந்தியில். கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது தெரிந்திருந்தால் பிள்ளை தனித்துப் போகாமல் இருக்கும்.

இப்போது கையெழுத்து விஷயம். நான் ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருக்கிறேன். படிக்காமல் கையெழுத்துப் போடும் மனிதர்களைத் தினமும் பார்க்கிறேன். இந்தத் தாள்களை மட்டுமாவது பெற்றோர் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும்.

படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் அரசாங்கச் செலவு. மூன்று வருஷ முடிவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டமும் கிடைக்கும். கைச்செலவு மட்டும் நம்முடையது. நாங்கள் சேர்த்தபோது மாதம் 3,000 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். சேரும்போது கைச்செலவு, சில உடைகள், குழுக் காப்பீடு என்று எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துக்கு முன்னே பின்னே ஆகும். வருமானம் குறைவான குடும்பங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. இந்தப் பணத்துக்காக யாரும் தயங்க வேண்டாம். பிள்ளை தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் பெற்றோரும் கையெழுத்திடுகிறோம். அந்த வரியை நான் மகனோடு உட்கார்ந்து படித்தேன். "இந்தப் பணத்தை நினைச்சு நீ அங்க இருக்க வேண்டாம். கட்டணும்னா கட்டலாம். அது என் கணக்கு" என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். கடனுக்குப் பயந்து ஒரு பதினெட்டு வயதுப் பையன் ஓர் இடத்தில் இருக்கக் கூடாது.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. பயிற்சியில் பெரிய காயம்பட்டு, மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் கேடட்டின், அதாவது பயிற்சி மாணவரின், நிலைமை. அதிகாரியாகப் பொறுப்பேற்பதற்கு முன் நடந்த காயம் என்பதால் அவருக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி கிடைப்பதில்லை. மற்ற வீரர்களுக்கு உள்ள ஊனமுற்றோர் ஓய்வூதியமும் கிடையாது. கருணைத் தொகை என்ற பெயரில் மாதம் ஒரு சிறிய தொகைதான். பல ஆண்டுகளாக இப்படித்தான் இருந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதே மாதத்தில் அப்படி வெளியேறியவர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் வசதியை மத்திய அரசு கொடுத்தது. நல்ல ஆரம்பம். ஆனால் இது போதாது என்பதுதான் என் கருத்து. நாட்டுக்காகப் பயிற்சி எடுக்கும்போது உடைந்த முதுகெலும்புக்கும், பொறுப்பேற்ற மறுநாள் உடைந்த முதுகெலும்புக்கும் என்ன வித்தியாசம்? பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு வீடும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

நாங்கள் கையெழுத்திட்டபோது அந்த மருத்துவ வசதிகூடக் கிடையாது. தெரிந்துதான் கையெழுத்திட்டோம். இரவுச் சாப்பாட்டின்போது இதை எடுத்தபோது என் மகள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மனைவி மட்டும், "உனக்குத் தெரியுமா இது?" என்று மகனிடம் கேட்டாள். "தெரியும்மா" என்றான். "சரி" என்றாள். அப்புறம்தான் பேனாவை எடுத்தேன்.

புதுச்சேரியிலிருந்து புனேவுக்கு நேரடி ரயில் இருக்கிறது. தாதர் வரை போகும் சாளுக்யா எக்ஸ்பிரஸ். விழுப்புரம், திருவண்ணாமலை, காட்பாடி, பெங்களூரு, ஹூப்ளி, பெலகாவி என்று சுற்றிக்கொண்டு போகும். நாங்கள் மூன்று பேரும் அதில்தான் போனோம். புனே ஸ்டேஷனிலேயே அகாடமியின் வரவேற்பு மேசை இருந்தது. பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக் கூட்டிப் போய்விடுகிறார்கள். பிரிவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பெற்றோரும் செய்வதையே செய்தோம்.

அடுத்து என்ன என்பதற்கு எனக்கு வழி காட்டியது எங்கள் ஆயா. என் அப்பாவைப் பெற்றவள்.

தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா போனவர். சைகோனிலிருந்து கப்பலில் கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெருவில் இருந்த வாத்தியாரிடம் சொல்லி எழுத வைப்பாள். அந்தக் கடிதங்களைத் தாத்தா ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். படித்த வயதில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எதிலும் அழுகை இல்லை, எப்போது வருவாய் என்ற கேள்வி இல்லை. முருங்கை காய்த்திருக்கிறது. பெரியவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கிணற்றில் கயிறு மாற்றியாயிற்று. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு முருங்கப்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். கடிதம் கடிதமாக இப்படித்தான்.

கடைசிக் காலத்தில் தாத்தாவிடம் இதைப் பற்றி ஒருநாள் கேட்டேன். "அத படிக்கிறப்ப நான் ஊட்லதாண்டா இருந்தேன்" என்றார்.

அவர் திரும்பியது 1954இல், இந்தோசீனப் போர் முடிந்த பிறகு. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தபோது, விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. அவரோடு இருந்த பலர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பிரான்ஸில் இருக்கிறார்கள். அந்த முடிவு சரியா தப்பா என்று எங்கள் குடும்பத்தில் ரொம்ப நாள் பேச்சு ஓடியது. அன்றைக்கு அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் என் மகன் கடக்வாஸ்லா வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

முதல் டெர்ம். அங்கே ஆறு மாதம் ஒரு டெர்ம். மொத்தம் ஆறு டெர்ம், மூன்று வருஷம். அதற்குப் பிறகு தரைப்படைப் பிள்ளைகள் டேராடூனுக்கும், கப்பல்படைப் பிள்ளைகள் கேரளத்தின் எழிமலைக்கும், விமானப்படைப் பிள்ளைகள் ஹைதராபாத் அருகே துண்டிகலுக்கும் மேல்பயிற்சிக்குப் போவார்கள். முதல் டெர்மில் கைப்பேசி கையில் இருக்காது. எப்போது பேசக் கிடைக்கும் என்று பிள்ளைக்கே தெரியாது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். கடன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்புகளையும் அந்த மாதங்களில் எடுத்தோம்.

அழைப்பு வந்தால் பின்னால் ஒரே சத்தமாக இருக்கும். வரிசையில் மற்றப் பிள்ளைகள் நிற்பார்கள். கிடைப்பது சில நிமிஷம். அதற்குள் நாம் எதைச் சொல்கிறோம் என்பதுதான் முழு விஷயமும். பெரும்பாலான பெற்றோர், "தைரியமா இரு, பல்லைக் கடிச்சிக்கோ, எவ்வளவு பேருக்குக் கெடைக்காத வாய்ப்பு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இதையெல்லாம் அங்கே காலையிலிருந்து ராத்திரி வரை எத்தனையோ குரல்கள் அவனிடம் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. வீட்டிலிருந்தும் அதே குரல் வந்தால் பிள்ளை எங்கே போய் உட்காரும்?

ஒருநாள் ராத்திரி அந்த அழைப்பு வந்தது. எல்லா வீட்டுக்கும் வரும் என்று சுபேதார் முன்னமே சொல்லியிருந்தார்.

"அப்பா, முடியல. வந்துடறேன்."

"சரிப்பா, கேட்டுக்கிட்டேன். அடுத்த தடவ பேசறப்பவும் இதே தோணுச்சுன்னா சொல்லு. ஆக வேண்டியதப் பாக்கலாம். சாப்ட்டியா?"

"ம்."

"இங்க மாடித் தண்ணித் தொட்டி ஒழுகுது. பிளம்பர் வந்து பாத்துட்டு, அடுத்த வாரம் வரேன்னு போனவருதான், ஆளக் காணோம். உங்க அம்மா சாக்கு வச்சி அடச்சி வச்சிருக்கா."

அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. அப்புறம், "எந்தப் பக்கம் ஒழுகுது? பைப் ஜாயின்ட்லயா?" என்றான். ஜாயின்ட்டில்தான் என்றேன். எம்-சீல் வைத்துப் பார்க்கச் சொன்னான். நேரம் முடிந்தது.

அடுத்த முறை அழைத்தபோது முதல் கேள்வியே, "தொட்டி சரியாச்சா?" வந்துவிடுகிறேன் என்ற பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தொட்டிக் கதை அந்த டெர்ம் முழுக்க ஓடியது. உண்மையிலேயே அந்த பிளம்பர் வரவில்லை.

நான் இதைத் தந்திரமாகச் செய்யவில்லை. வீடு எப்போதும்போல ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே தன்னுடைய இடம் காலியாக அப்படியே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அங்கே அவன் வீரனாகவும் இருக்க வேண்டாம், தோற்றவனாகவும் ஆக வேண்டாம். பைப் ஜாயின்ட் பற்றி யோசனை சொல்லும் மகனாக இருந்தால் போதும். அழைப்பு வராத வாரங்களில் இன்லேண்ட் லெட்டர் எழுதினேன். ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையத்தில் இரண்டரை ரூபாய்க்கு இன்னும் கிடைக்கிறது. தங்கையும் ஓர் ஓரத்தில் நாலு வரி எழுதுவாள். பெரும்பாலும் அவனுடைய சைக்கிளைத் தான் எடுத்துக்கொண்டதைப் பற்றி.

ஆனால் எல்லாவற்றுக்கும் தண்ணித் தொட்டிக் கதை உதவாது. அழைப்புக்கு அழைப்பு அதே சொல், குரலில் உயிரில்லை, வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, தூக்கம் இல்லை என்கிறான் என்றால் அது வேறு. அப்போது காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கும் ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் அவர்களைக் கவனிக்க 'டிவிஷனல் ஆபீசர்' என்று ஓர் அதிகாரி இருக்கிறார். அவரைத் தொடர்புகொள்ளுங்கள். பிள்ளைக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். பிள்ளைக்கு மிஞ்சிய பெயர் எதுவும் இல்லை.

பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஒன்றும் இருந்தது. எந்த ரயிலில் டிக்கெட் இருக்கிறது, என்ன வாங்கி அனுப்பலாம் என்பதற்கெல்லாம் நல்ல உதவி. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒருவர் எங்கேயோ கேட்டதைப் போடுவார், விடிவதற்குள் எல்லோர் வீட்டிலும் தூக்கம் போய்விடும். மனைவி அதைத் தன் போனிலிருந்து எடுத்துவிட்டாள். நான் பகலில் மட்டும் பார்த்தேன்.

டெர்மின் நடுவில் 'டிரில் ஸ்கொயர் டெஸ்ட்' என்று ஒன்று வரும். அணிவகுப்பு நடையில் தேறினால்தான் வெளியே போக அனுமதி. அதில் தேறிய பிறகு அவன் எழுதிய கடிதம் இப்போதும் என் மேசை டிராயரில் இருக்கிறது. தன்னைப் பற்றி இரண்டு வரிதான். மீதியெல்லாம் சூடான் பிளாக் பற்றி. அகாடமியின் நடுவில், குவிமாடத்தோடு இருக்கும் பெரிய கட்டடம் அது. இரண்டாம் உலகப் போரில் சூடானைக் காக்கப் போரிட்ட இந்திய வீரர்களின் நினைவாக அந்த நாடு கொடுத்த பணத்தில் கட்டியது. பிரிவினைக்குப் பிறகு இந்தியாவின் பங்காக வந்தது 70,000 பவுண்டு. 1959இல் திறந்தார்கள். "நம்ம தாத்தா மாதிரி வேற யாரோ நாட்டுல போயி சண்ட போட்டவங்களுக்காக" என்று எழுதியிருந்தான். அன்று மாலை மனைவியோடு கடற்கரைச் சாலைக்குப் போனேன். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக இறந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு 1938இல் திறந்த நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. எத்தனையோ முறை கடந்து போன இடம். அன்றைக்குத்தான் கம்பிக்கு அருகில் போய் நின்று பார்த்தோம்.

முதல் டெர்ம் நவம்பர் கடைசியில் முடிந்தது. பிள்ளை வருகிறான் என்று முறுக்கு சுட்டு, அறையைத் துடைத்து வைத்திருந்த நேரத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ரெயின்போ நகரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கரன்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பக்கத்துக் கிருஷ்ணா நகரில் தண்ணீர் இன்னும் அதிகம். டிசம்பர் 1ஆம் தேதி ராணுவம் இறங்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தது.

தெருமுனையில் நனைந்து நின்ற வீரர்களுக்கு என் மனைவி கேஸ் அடுப்பில் போட்ட டீயைத் தூக்குவாளியில் எடுத்துப் போனாள். அதில் ஒருவர் தமிழ்ப் பையன். "எங்க புள்ளயும் கடக்வாஸ்லால இருக்கான்" என்று சொன்னதும் நிமிர்ந்து நின்று, "கவலப்படாதீங்கம்மா, அங்க சாப்பாடு நல்லாப் போடுவாங்க" என்றாராம். அவளுக்கு வேண்டிய பதில் அதுதான்.

மகன் புனேயிலிருந்து எங்களை அழைத்துக் கிடைக்காமல், வில்லியனூரில் இருக்கும் என் தம்பிக்குப் பேசியிருக்கிறான். சிக்னல் வந்ததும் நானே பேசினேன். கிளம்பி வரும் பிள்ளையிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தம்பி தடுத்தான். நான் மறைக்கவில்லை. தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, பீரோவின் கீழ்த்தட்டு போச்சு, உன் பழைய புத்தகங்கள் நனைந்துவிட்டன, நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம் என்றேன். தொட்டி ஒழுகுகிற செய்தியைச் சொல்கிற வீடு, வெள்ளம் வந்த செய்தியையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை எல்லாம் நல்லபடி என்று நாம் சொல்லும்போது தூரத்தில் இருக்கிறவன் எப்படி நம்புவான்?

ரயில்கள் தடுமாறிய வாரம் அது. சென்னை வரை வந்து, ஈசிஆர் பஸ் பிடித்து வந்தான். தலை ஒட்ட வெட்டி, கன்னம் ஒட்டி, கறுத்துப் போயிருந்தான். வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தான். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு துடைப்பத்தை எடுத்தான். முன்னறையிலிருந்து சேற்றை வழித்து வாசலுக்குத் தள்ளி, பினாயில் ஊற்றி, திரும்பக் கழுவி, திரும்ப வழித்தான். நடுவில் பக்கத்து வீட்டு அத்தை தனியாக இருப்பது நினைவுக்கு வந்து அங்கேயும் போனான். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா ரசம் ஊற்றுவதற்குள் தட்டு காலி. "யாருடா உன்ன வெரட்டறது?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு வாரம் தூங்கினான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சல்யூட் அடித்துக் காட்டச் சொன்னார்கள், ஹிந்தியில் பேசச் சொன்னார்கள், துப்பாக்கி சுட்டாயா என்று கேட்டார்கள். அவன் தூங்கட்டும் என்று சொல்லி நானே பேசி அனுப்பினேன். விடுமுறையில் பிள்ளையைக் காட்சிப்பொருளாக்காமல் காப்பதும் நம் வேலைதான். அங்கே நடந்ததைப் பற்றி நாங்களாகக் கேட்கவில்லை. அவனாக மொட்டைமாடியில் தொட்டி பைப்பைச் சரிசெய்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். யார் யார் அவன் நண்பர்கள், யாருக்குக் குறட்டை, சைக்கிளில் வரிசையாகப் போகும்போது விழுந்தது யார் என்று.

இப்போது மூன்றாவது டெர்மில் இருக்கிறான்.

பின்தெருவில் ஒரு பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அவளும் அவள் அம்மாவும் போன வாரம் வந்திருந்தார்கள். பெண்களை அங்கே சேர்த்துக்கொள்வார்களா என்று அம்மாவுக்கு இன்னும் சந்தேகம். 2021இல் உச்ச நீதிமன்றம் பெண்களும் தேர்வு எழுதலாம் என்று இடைக்கால உத்தரவு போட்டதையும், 2022இல் 19 பெண்கள் முதல் அணியாகச் சேர்ந்ததையும், அவர்களில் 17 பேர் 2025 மே 30ஆம் தேதி பயிற்சி முடித்து வெளியே வந்ததையும் சொன்னேன். அந்தப் பெண் எல்லாம் தெரிந்து வைத்திருந்தாள், தேதி உட்பட. அம்மாதான் என் மனைவி பக்கம் திரும்பி, "நீங்க எப்படி இருந்தீங்க?" என்று கேட்டாள். இருவரும் சமையலறைக்குள் போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்தப் பெண்ணை உட்காரவைத்து இரண்டு வேலை கொடுத்தேன். ஒன்று, இந்த வாரமே நீச்சல் வகுப்பில் சேர வேண்டும். இன்னொன்று, யுபிஎஸ்சி அறிவிப்பை அம்மாவோடு சேர்ந்து பின்னிணைப்பு வரை படித்து, புரியாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.